மில்லுக்கு மேலே ஒரு லத்தீன் வினைச்சொல்

மார்ச் 3

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்கொன்றும் புதுச் செய்தி இல்லை. ஆனால் நகராட்சிக்காரன் மில் கதவில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. வாலைச் சுழித்து இழுத்து, அதற்குக் கீழே ஒரு கோடும் போடுகிற அந்தக் கையெழுத்தை நீ சிலேட்டில் பழகும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அப்போதே அப்பாவிடம் சொன்னேன், இவன் வால் நீளம் என்று.

"மாவு மில்லின் இரைச்சலால் மேல்மாடியில் குடியிருப்போர் பணி செய்ய இயலவில்லை" என்று எழுதியிருக்கிறாயாம். குடியிருப்போர்! எத்தனை பேரடா குடியிருந்தீர்கள்? நீ ஒருத்தன், உன் மேஜை, உன் லத்தீன் காகிதம். கோபித்துக்கொண்டு போனவன் போனதோடு விட்டிருக்கலாம். போகிற வழியில் நகராட்சிக்குள் நுழைந்து அண்ணன் மேல் மனு கொடுத்துவிட்டா போவாய்?

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. மனுக் கொடுத்தவரே நேரில் வந்து வாபஸ் வாங்கினால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் மில்லுக்குச் சீல் என்று அங்கே இருக்கிற குமாஸ்தா சொல்கிறார். மில் இப்போது என் கையில் இல்லை, இதை எழுதுகிற இவள் கையில் இருக்கிறது. புருஷன் வீடு வேண்டாம் என்று திரும்பி வந்தவள், யார் முகத்தையும் பார்க்காமல் இந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொண்டவள். சீல் வைத்தால் அவள் எங்கே போவாள்? (இதை எழுதமாட்டேன் என்றேன், சித்தப்பா. எழுது என்று கத்துகிறார்.)

அப்பா மில்லை வாங்கிப் போட்டபோது நீ தொட்டிலில் கிடந்தாய். மில் ஓடினால் தூங்குவாய், நின்றால் வீல் என்று அலறுவாய். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. அம்மா தகர டப்பாவைத் தட்டித் தட்டி உன்னைத் தூங்க வைத்தாள். கை வலிக்கிறது என்று என்னிடம் கொடுத்தாள், நானும் தட்டினேன். நீல டப்பா, மூடி நசுங்கியது. அப்படி வளர்ந்த உனக்கு இப்போது மில் சத்தம் ஆகவில்லை.

புது பெல்ட் தட்டுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் காலையில் மில்லை நிறுத்து என்றால் எப்படி? காலையில்தான் ஆள் வருகிறது. வந்து வாபஸ் வாங்கு. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மனுவை வாபஸ் வாங்குவதாக இல்லை.

நான் வீட்டை விட்டுக் கிளம்பியதற்குப் பெல்ட் மட்டும் காரணம் என்று நீங்கள் எழுதியிருப்பது வியப்பாக இருக்கிறது. அன்று காலை என்ன நடந்தது? ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்துங்கள், ஒரு சொல்லை முடித்துவிடுகிறேன் என்று கீழே வந்து பணிவாகக் கேட்டேன். நீங்கள் வரிசையில் நின்றவர்கள் முன்னால் என்ன சொன்னீர்கள்? "செத்துப்போன பாஷைக்கு எதுக்குடா இவ்வளவு அமைதி? பொணம் முழிச்சுக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். கல்லூரியில் வாழ்நாளெல்லாம் அந்தப் பாஷையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதற்கு ஒரு தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் பிணம் என்றீர்கள்.

இங்கே ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். தடித்த திரைச்சீலை, நடைவழியெல்லாம் கம்பளம். குழாயைத் திறந்தால்கூடத் தண்ணீர் மரியாதையாக விழுகிறது. பக்கத்து அறையில் கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் இருக்கிறார், எதிரறையில் உடல்நலம் தேற வந்திருக்கும் ஒரு அம்மாள். இருமினால்கூட மன்னிப்புக் கேட்கும் மனிதர்கள்.

என் வேலை நின்றுபோன சொல் 'ஸ்ட்ரெபெரே'. சத்தம் போடுதல் என்று பொருள். ஆனால் எந்தச் சத்தம் என்பதுதான் சிக்கல். வாத்து கத்தினாலும் இந்தச் சொல்தான். போர்வீரர்களின் கவசங்கள் மோதினாலும், எக்காளம் முழங்கினாலும், ஆறு பாறைமேல் விழுந்தாலும், கூட்டம் முணுமுணுத்தாலும் இதே சொல்தான். எல்லாவற்றையும் தாங்குகிற ஒற்றைத் தமிழ்ச் சொல் வேண்டும். நான் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவேன், மெல்லிய குரலில், உங்களுக்குத் தெரியும். மில்லுக்கு மேலே உட்கார்ந்து அது எப்படி முடியும்? இங்கே இரண்டு நாளில் முடித்துவிடுவேன்.

தயவுசெய்து இக்கடிதத்தை மில்லில் வைத்துப் படிக்க வேண்டாம்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

மில்லில் வைத்துப் படிக்காமல் வேறெங்கே படிப்பது? இவளுக்கு மில்லை விட்டு நகர நேரம் எங்கே இருக்கிறது? நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன், இவள் மேலே தானியம் கொட்டிக்கொண்டே படித்தாள். மோட்டார் ஓடும்போது எனக்குக் கேட்கிற மாதிரி படித்தால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கத்தான் செய்யும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வாருங்கள் என்று போர்டா மாட்ட முடியும்?

உன் வாத்து விஷயம் வந்ததும் ரொட்டிக் கடைக்காரர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். "வாத்துக்கும் பட்டாளத்துக்கும் ஒரே வார்த்தையா? அப்படின்னா அந்தப் பட்டாளம் என்ன லட்சணத்துல இருந்திருக்கும்!" என்றார். தையல்காரம்மா, "இரையறதுன்னு போடச் சொல்லுங்க. ஆறும் இரையும், கூட்டமும் இரையும்" என்றாள். "வாத்து எங்கம்மா இரையும்? வாத்துதான் இரை" என்றார் ரொட்டிக் கடைக்காரர். அதற்குப் பிறகு அரைக்க வந்த ஆள் ஒருத்தரும் அரைத்துக்கொண்டு போகிற வழியாக இல்லை. ஆளுக்கொரு சத்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் சீல் என்கிறேன், நீ வாத்து என்கிறாய். நான் இருபத்தெட்டாம் தேதி என்கிறேன், நீ கவசம் என்கிறாய். கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். விசாரணைக்கு வருகிறேன் என்ற பேச்சு எந்த மூலையிலும் இல்லை.

நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். சத்தம் என்று தனியாக ஒன்று கிடையாதடா. கடகட என்றால் வண்டி. சலசல என்றால் மரம். லொடலொட என்றால் உன் பழைய சைக்கிள். தொணதொண என்றால் உன் அண்ணி. யார் போட்ட சத்தம் என்று தெரியாமல் வெறும் சத்தத்துக்கு நீ எங்கே போய் வார்த்தை தேடுவாய்?

இன்னொன்று. "மெல்லிய குரலில்" என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் உன் அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "யாரு? யாரு மெல்லிய குரல்?" என்று கேட்டாள். ஸ்ட்ரெபோ, ஸ்ட்ரெபிஸ், ஸ்ட்ரெபித் என்று நீ மேலே ஆரம்பித்தால் இங்கே கீழே எடை போடுகிறவனுக்குக் கை தப்பும். நீ போன பிறகு கை தப்பவில்லை. அது வேறு ஒரு மாதிரியாக இருக்கிறது, போகட்டும்.

இருபத்தெட்டாம் தேதி. வா.

அண்ணன்

(சித்தப்பா, பெல்ட்டை நான் அறுத்து மறுபடி இணைத்துவிட்டேன். இப்போது தட்டவில்லை. அப்பாவுக்கு இது தெரியாது, நான் எழுதுவது என்ன என்று அவரால் பார்க்க முடியாதல்லவா.)


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். 'இரைதல்' போதாது. ஆறு இரையலாம். கேடயமும் கேடயமும் மோதினால் இரையாது. மேலும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. சத்தம் போடுகிற பொருளுக்கு மட்டுமல்ல, அந்தச் சத்தம் நிரம்பிய இடத்துக்கும் இதையே சொல்வார்கள். வாத்தும் ஸ்ட்ரெபெரே செய்யும், வாத்து கத்துகிற பள்ளத்தாக்கும் ஸ்ட்ரெபெரே செய்யும். தையல்காரம்மாவிடம் இதைக் கேளுங்கள்.

இதன் முன்னால் 'ஒப்' என்று சேர்த்தால் 'ஒப்ஸ்ட்ரெபெரே' ஆகும். ஒருவர் பேசுவது பிறர் காதில் விழாதபடி அவருக்கு எதிராகச் சத்தம் போடுதல். நான் மேலே ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் கீழே மோட்டாரைப் போடுவீர்களே, அது. அதற்கு நான் தமிழ்ச் சொல் தேடவேண்டியதில்லை, விலாசமே எழுதிவிடலாம்.

இங்கே ஒரு சங்கடம். இவ்வளவு அமைதியான விடுதியில் யாரோ ஒரு ஆள் கத்துகிறானாம். காலையிலிருந்து புரியாத வார்த்தைகளைக் கூச்சலாகச் சொல்கிறானாம். தணிக்கையாளர் கணக்கை மூன்று முறை முதலிலிருந்து கூட்டினாராம். எதிரறை அம்மாளுக்குப் படபடப்பு வந்துவிட்டதாம். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, நான் வேலையில் மூழ்கியிருப்பதால் இருக்கலாம். சுவரைக்கூட யாரோ தட்டுகிறார்கள், அந்த ஆளை அடக்கத்தான் போலிருக்கிறது. நடைவழியில் என்னைப் பார்த்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மன வேதனை மனிதர்களை எப்படி ஆக்கிவிடுகிறது பாருங்கள்.

நேற்று மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். அந்த ஆளை வெளியேற்றச் சொல்லி விடுதியில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலாளர் ஏதோ சொல்லத் தயங்கினார். "சார், நீங்க இதைப் படிச்சீங்கன்னா..." என்று இழுத்தார். அவருக்கு ஏன் சங்கடம் என்று நானே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சத்தத்தால் அவதிப்பட்டவன் நான், நான் போடாமல் யார் போடுவது? அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சொல் இன்னும் முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சொன்னால் சொல் காற்றில் போய்விடுகிறது, எதிலும் முட்டித் திரும்பி வருவதில்லை.

தம்பி


மார்ச் 18

அட கிறுக்கா,

அது நீதான்டா.

உன் கடிதத்தை இவள் பாதி படித்தாள், அதற்குமேல் முடியவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று உன் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உன்னை வெளியேற்றச் சொல்லி நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்! வாலைச் சுழித்துக் கோடும் போட்டிருப்பாய்.

நம்பமாட்டாய், அதனால் சொல்கிறேன், கேள். நேற்று முன்தினம் நகராட்சியிலிருந்து சத்தம் அளக்கிற கருவியோடு ஒரு அம்மா வந்தார். ஓடும்போது அளந்தார். பிறகு, "மில்லை நிறுத்துங்க, சும்மா இருக்கும்போது எவ்வளவுன்னு பார்க்கணும்" என்றார். நிறுத்தினோம். உன் அண்ணி, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மா துள்ளி விழுந்தார். கருவியில் முள் எங்கேயோ போய் நின்றது. "மில்தான் நின்னுடுச்சேம்மா, இனி மெதுவா பேசலாமே" என்றார். உன் அண்ணி, "மெதுவாத்தானே பேசறேன்!" என்றாள். அந்த அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டே எழுதினார்.

நம் வீட்டில் யாரடா பேசினோம்? எல்லோரும் கத்தினோம். கீழே மோட்டார், அதற்கு மேலே நம் குரல். நான் வெளியே சந்தை, கூலி என்று அலைந்தவன், நாலு பேர் காதைப் பொத்துவதைப் பார்த்தவன். நீ புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கியிருந்தால்தானே?

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, மூக்கில் மரு இருக்கிற டீச்சர், அப்பாவை வரச்சொன்னார். நானும் கூடப் போனேன். "உங்க பையன் ரகசியம் சொன்னா அடுத்த வகுப்புல பதில் சொல்றாங்க" என்றார். அப்பா, "என்னது?" என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைந்தது. என் கல்யாணத்தில் நீ உன் சிநேகிதன் காதோரம், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, எங்கண்ணனுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்றாய். பந்தலே திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டாருக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. உன்னிடம் படித்த பையன் ஒருத்தன் மில்லுக்கு வருவான், கல்லூரியில் உனக்கு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டான். மைக் சார்.

போதுமா? இனி மேலாளர் வந்தால் வாயைத் திறக்காமல் நில். இருபத்தெட்டாம் தேதி நெருங்குகிறது. அந்தக் கருவி அம்மா எழுதிக்கொண்டு போனது நமக்கு எதிராகப் போகலாம் என்று குமாஸ்தா சொல்கிறார்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணாவுக்கு,

நான் கத்துவதில்லை. இது அபாண்டம்.

தம்பி

பி.கு. மேற்கண்டதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மேலாளர் வந்தார். வாயைத் திறக்காமல் நின்றேன். அவரும் சற்று நேரம் நின்றார். பிறகு, "இப்போ எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க சார்" என்றார். காகிதத்தைக் கொடுத்தார். மேலே என் அறை எண் இருந்தது. கீழே ஆறாவது கையெழுத்து என்னுடையது. இருபத்தேழாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு சொல்லைப் பார்த்தேன். காகிதத்தில் கிடக்கிறது, அசையவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் வகுப்பில் முன் பெஞ்சை மட்டும் யாரும் நிரப்பியதே இல்லை. லத்தீன்மேல் அச்சம் என்று நினைத்திருந்தேன்.


மார்ச் 23

தம்பிக்கு,

முன் பெஞ்சு காலியாக இருந்தால் என்ன, பின் பெஞ்சுக்காரனுக்கும் பாடம் கேட்டிருக்கிறதே. எந்த வாத்தியாருக்கு அது வாய்த்தது? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்காதே. பெட்டியைக் கட்டு.

நீ இங்கே வந்துதான் ஆகவேண்டும் என்று நான் கெஞ்சவில்லை. விசாரணைக்கு வா என்கிறேன். வந்த பிறகு மேலே இருப்பதோ வேறெங்கோ போவதோ உன் பாடு. மேல் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறது, அது எப்போதும் கூட்டுவதுதான்.

பிணம் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவள் சொன்னதை எழுதச் சொன்னேன், என் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே.

பெல்ட் இப்போது தட்டவில்லை. யார் சரி செய்தது என்று எனக்குத் தெரியாது என்று இவள் நினைக்கிறாள். இந்த மில்லில் ஒரு சத்தம் கூடினாலும் குறைந்தாலும் எனக்குத் தெரியாமல் போகுமா?

இருபத்தெட்டு. காலை பத்து மணி. நகராட்சி மாடியில்.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேலே இருந்து எழுதுகிறேன். கீழே வந்து சொல்ல முயன்றால் கத்த வேண்டியிருக்கிறது. அதனால் உங்கள் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விசாரணையில் என்னால் நேர்ந்த தலைகுனிவுக்கு வருந்துகிறேன். எழுந்து நின்று மனுவை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். யாருக்கும் தொந்தரவு கூடாது என்று நினைத்துச் சொன்னேன், உதடு மட்டும்தான் அசைந்திருக்கும் போலிருக்கிறது. தலைவர், "என்ன சொல்றார்? வாபஸா, வலியுறுத்தறாரா?" என்று கேட்டார். மூன்றாம் முறையும் கேட்காமல் போய், 'மனுதாரர் பதிலில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தார். உங்கள் மகளின் முகத்தை அப்போது பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து நீங்கள், "டேய், மில் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுடா!" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். நானும் சொன்னேன். மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளர் நகர்ந்ததாகச் சொல்கிறார்கள். கருவி அம்மாள் தலைவரிடம், "நான் எழுதினது இதுதாங்க" என்றார்.

மனு வாபஸானதால் சீல் வேண்டாம், மதியம் ஒன்று முதல் மூன்று வரை மட்டும் மில்லை நிறுத்தினால் போதும் என்று உத்தரவானது உங்கள் பெருந்தன்மை. வேண்டாம் என்று நீங்கள் வாதாடியிருக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வாய் திறக்காமல் பயன்படுத்துகிறேன். என்னால் இனி ஒருவருக்கும் தொந்தரவு இராது.

ஒற்றைச் சொல் தேடுவதை விட்டுவிட்டேன். பதிவை இப்படித் தொடங்கியிருக்கிறேன்: 'ஸ்ட்ரெபெரே: சத்தமிடுதல். யார் சத்தமிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கடகடத்தல், சலசலத்தல், முழங்குதல், இரைதல், முணுமுணுத்தல். இடத்தைக் குறித்து: அச்சத்தத்தால் நிறைந்திருத்தல்.' கடைசி வரிக்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டும். எழுத வரவில்லை. வாயை மூடிக்கொண்டு எழுதினால் எதுவும் வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

மாடிப்படி ஏறினால் பதினைந்து படி. முட்டி விடமாட்டேன் என்கிறது, அதனால் நானும் இவளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒரே வீட்டுக்குள் கடிதம் போடுகிற ஆட்கள் நாம் இரண்டு பேர்தான் இருப்போம்.

பெருந்தன்மையாம்! மதியம் இரண்டு மணி நேரம் ஆள் வராது, நானும் கொஞ்சம் படுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். இவளும் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டுவாள். மில் பிழைத்தது, அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன்.

ஆனால் நடப்பது என்ன? மணி ஒன்று அடிக்கிறது. இவள் மோட்டாரை அணைக்கிறாள். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்கிறது. படுக்கிறேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. நாற்காலி இழுபடவில்லை. நீ உயிரோடு இருக்கிறாயா, காகிதத்தின் மேல் தலை கவிழ்ந்து கிடக்கிறாயா என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். திரும்பிப் படுக்கிறேன். உன் அண்ணியும் பக்கத்தில் முழித்துக்கொண்டுதான் கிடக்கிறாள், கேட்டால் தூங்கினேன் என்கிறாள். நீ திரும்பி வந்த நாளிலிருந்து இதே கூத்து. கண்ணெல்லாம் எரிகிறது. நேற்று எழுந்துபோய்ப் பரணில் அந்த நீல டப்பா இருக்கிறதா என்று தேடினேன் என்றால் பார்த்துக்கொள்.

ஸ்ட்ரெபோ, ஸ்ட்ரெபிஸ், ஸ்ட்ரெபித் வரைக்கும் எனக்கு வரும். அதற்குமேல் நீ எப்போதும் ஏதோ சொல்வாய், ராத்திரியானால் அங்கே நான் கண் அசந்துவிடுவேன். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. உனக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் எழுதிக்கொள்: எங்கள் வீடு. வேறெங்கே போய்த் தேடுகிறாய்?

தொந்தரவு செய்யமாட்டேன் என்று இனி ஒரு கடிதம் எழுதினாய் என்றால் நானே நகராட்சிக்குப் போய் உன் மேல் மனுக் கொடுப்பேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வைப்பேன்.

இன்று மதியம் மோட்டார் நின்றதும் ஜன்னலைத் திறந்து வை. ஆரம்பத்திலிருந்து சொல். கத்திச் சொல்லடா, நான் தூங்கவேண்டும்.

அண்ணன்